பச்சைப் புள்ளி போட்ட கொரியன் குழம்பில் நெத்திலி: சைவக்காரர்கள் கவனத்துக்கு

சென்னையில் புதிது புதிதாகத் திறக்கும் மாடர்ன் கொரியன் உணவகங்களில் ஒன்றுக்குப் போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். கூட வந்தவர் என் பெரியம்மா மகள். அக்கா சுத்த சைவம், முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அதனால் உட்கார்ந்ததுமே, "மீன், இறால், கறி எதுவும் சேராமல் கிடைக்குமா?" என்று கேட்டேன். பரிமாறுகிற தம்பி மெனுவில் பச்சைப் புள்ளி போட்ட லஞ்ச் செட்டைக் காட்டி, "இது ப்யூர் வெஜ் மேடம், தைரியமா சாப்பிடலாம்" என்றார்.

காய்களும் மிளகாய் விழுதும் போட்டுக் கலந்து சாப்பிடும் சோறான பிபிம்பாப், காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சி, இரண்டு தொட்டுக்கை, கல்சட்டியில் தளதளவென்று கொதித்தபடி ஒரு தொயென்ஜாங் ஜிகே. புளிக்கவைத்த சோயா விழுதில் டோஃபு, சுரைக்காய், காளான் போட்டுச் செய்கிற குழம்பு அது. அக்கா ரசித்துத்தான் சாப்பிட்டார். பாதி காலியான பிறகு, "ருசி பாரு" என்று சட்டியை என் பக்கம் தள்ளினார். நான் மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். முதல் கரண்டியிலேயே கருவாட்டு வாடை தெரிந்துவிட்டது. அடியில் துழாவினேன். டோஃபுத் துண்டுக்குக் கீழே ஒரு காய்ந்த நெத்திலி, வெள்ளி வயிறும் கண்ணும் கலையாமல் முழுசாகக் கிடந்தது.

அக்கா எழுந்து கைகழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. முகம் வெளுத்துப்போய்த்தான் திரும்பி வந்தார்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். "ஸ்டாக் மட்டும்தான் மேடம் நெத்திலியில. கொதிச்சதும் எடுத்துடுவோம், இது தவறி வந்துடுச்சு." அதாவது அவர்கள் கணக்கில் மீனைக் கொதிக்கவைத்து எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் சைவம். சரி, கிம்ச்சி? "அதுல கொஞ்சம் ஃபிஷ் சாஸ் இருக்கும். கொரியன் ஃபுட்ல அது இல்லாம வராது."

அந்தக் கடைசி வாக்கியம் சுத்தப் பொய். கொரியாவின் புத்த மடாலயங்களில் காலங்காலமாகக் கறியோ மீனோ இல்லாமல், பூண்டு வெங்காயம்கூட இல்லாமல் சமைக்கிறார்கள். கிம்ச்சியும் போடுகிறார்கள். டாஷிமா என்கிற கடற்பாசியையும் காய்ந்த ஷிடாகே காளானையும் ஊறவைத்துக் கொதிக்கவிட்டால் அருமையான குழம்புத் தண்ணீர் கிடைக்கும். முடியாதது இல்லை, செய்ய மனமில்லை.

ஹுண்டாய் வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்களுக்காகவே வந்த எளிமையான சாப்பாட்டுக் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் கல்லாவில் இருந்த கொரியன் அம்மாவிடம் முன்பு ஒருமுறை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். "கிம்ச்சி நோ, ஷ்ரிம்ப்" என்று கையை ஆட்டித் தடுத்துவிட்டு, முட்டையும் கறியும் இல்லாத பிபிம்பாப்பைத் தானே கலந்து கொடுத்தார். அந்த நேர்மைதான் இங்கே இல்லை.

வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் "வெஜ்ஜா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். குழம்புத் தண்ணீர் எதில் செய்தது என்று கேளுங்கள். டாசிடா என்கிற சுவையூட்டும் பொடி போட்டார்களா என்றும் கேளுங்கள், பல சமையலறைகளில் புழங்கும் அந்தப் பொடி பெரும்பாலும் மாட்டுக்கறிச் சாறு கலந்தது. சாதாரண கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட கூனி இறாலோ, இரண்டுமோ இருக்கும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. பிபிம்பாப்பில் போடும் மிளகாய் விழுதைச் சில இடங்களில் மாட்டுக் கொத்துக்கறியோடு வதக்கி வைத்திருப்பார்கள். காரமான அரிசிக் கொழுக்கட்டை போன்ற தொக்பொக்கியில் மீன் கேக் சேர்ப்பது வழக்கம்.

இவ்வளவுக்கும் அப்புறம் பில் வந்தது. செட் 950 ரூபாய் வீதம் 1,900. தொட்டுக்கை இன்னொரு முறை வைத்ததற்கு 150. கொரியாவில் பெரும்பாலான கடைகளில் அதைக் கேட்கக் கேட்கச் சும்மா வைப்பார்கள். தண்ணீருக்கு 140. அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 219, அந்த சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 2,529 ரூபாய்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் எதிர்த்துப் போட்ட மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. இதைச் சொன்னதும் மேனேஜர், "கம்பெனி பாலிசி மேடம்" என்றார். அங்கேயே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கப் போனை எடுத்தேன். சர்வீஸ் சார்ஜ் இல்லாத புது பில் வந்தது. அக்காவின் சாப்பாட்டுக்கான காசை மட்டும் கடைசிவரை கழிக்கவில்லை.

பில்லையும் சட்டியில் கிடந்த நெத்திலியின் படத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அந்த எண்ணோடு புகார் பதிந்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் பில்லைக் கசக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். மறுநாள் உணவகத்திலிருந்து கூப்பிட்டு, புகாரைத் திரும்பப் பெற்றால் இலவசமாக ஒரு லஞ்ச் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், முதலில் மெனுவைத் திருத்துங்கள் என்றேன். இதை எழுதும்வரை திருத்தவில்லை.