நோயைத் தவறவிடாத சோதனையா, வீணாகப் பயமுறுத்தாத சோதனையா?

ஒரே நோய்க்கு இரண்டு சோதனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சோதனையின் சென்சிட்டிவிட்டி 99 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 90 சதவீதம். இரண்டாவதில் அப்படியே தலைகீழ். எதை எடுப்பது?

நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்குச் சரியாக பாசிட்டிவ் வரும் என்பதுதான் சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குச் சரியாக நெகட்டிவ் வரும் என்பது ஸ்பெசிஃபிசிட்டி. இரண்டுமே, யாருக்கு நோய் உண்டு, யாருக்கு இல்லை என்று ஏற்கெனவே தெரிந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவரின் கவலையோ வேறு: 'பாசிட்டிவ் வந்திருக்கிறதே, எனக்கு நிஜமாகவே நோய் இருக்கிறதா?' அதற்கு 99 என்ற எண் மட்டும் பதில் சொல்லாது. இது புரியாமல் தூக்கத்தைத் தொலைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறிகுறி எதுவும் இல்லாத 10,000 பேர். அவர்களில் 100 பேருக்குத்தான் நோய். முதல் சோதனை 99 பேரைப் பிடித்துவிடும், ஒருவர் மட்டும் தப்புவார். ஆனால் நலமாக இருக்கும் 9,900 பேரில் 990 பேருக்கும் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். ஆக மொத்தம் 1,089 பாசிட்டிவ். அதில் உண்மையான நோயாளிகள் 99 பேர், அதாவது சுமார் 9 சதவீதம். இரண்டாவது சோதனை 90 பேரைப் பிடிக்கும், 10 பேரைத் தவறவிடும். வீணாகப் பயமுறுத்துவது 99 பேரைத்தான். இங்கே பாசிட்டிவ் வந்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அதே சோதனைகளை, அறிகுறிகளோடு வரும், பாதிப் பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் செய்தால் முதல் சோதனையின் பாசிட்டிவ்கூட 91 சதவீதம் உண்மையாகிவிடும். சோதனை மாறவில்லை, வரிசையில் நிற்பவர்கள்தான் மாறினார்கள். என்னைக் கேட்டால், சோதனையின் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வரிசையில் நிற்பவர்கள் யார் என்று கேட்க வேண்டும்.

அப்புறம், எந்தப் பிழைக்கு விலை அதிகம்? ரத்த வங்கியில் சென்சிட்டிவிட்டிக்குத்தான் முதலிடம். நல்ல ரத்தத்தைத் தவறாகச் சந்தேகப்பட்டால் ஒரு பை வீணாகும். கிருமியுள்ள பையைத் தவறவிட்டால் அதை ஏற்றிக்கொள்பவருக்கு நோய் தொற்றும். கீமோதெரபி தொடங்கும் முன் நிலைமை நேர் எதிர். இல்லாத புற்றுநோய்க்கு அந்த மருந்தைக் கொடுப்பது பெரும் கொடுமை. அதனால்தான் ஸ்கேனில் சந்தேகமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் பயாப்சி (சிறு திசுத் துண்டை எடுத்துப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்துகிறார்கள்.

நுரையீரலில் ரத்தக் கட்டி இருக்குமோ என்று பார்க்கும் டி-டைமர் சோதனை சென்சிட்டிவிட்டி பக்கம் நன்றாகச் சாய்ந்தது. கர்ப்பம், தொற்று, அறுவை சிகிச்சை, முதுமை என எதனாலும் ரத்தத்தில் டி-டைமர் அளவு உயரும். அதனால் பாசிட்டிவ் வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஏற்கெனவே சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால், சி.டி. ஸ்கேன் இல்லாமலே ரத்தக் கட்டி இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

ஒரே சோதனைக்குள்ளும் இந்தப் போட்டி உண்டு. நீரிழிவைக் கண்டறிய வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு 140 என்றிருந்ததை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இல் 126 ஆகக் குறைத்தது. எல்லைக் கோட்டை இப்படிக் கீழே இறக்கினால் தவறவிடுவது குறையும். அதற்கு ஈடாக, கோட்டுக்கு மேலே வரும் நலமானவர்களின் எண்ணிக்கை கூடும்.

இரண்டு சோதனைகளையும் அடுத்தடுத்துச் செய்யலாமே? எச்.ஐ.வி.க்கு அப்படித்தான்: முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், வேறு சோதனையில் உறுதியான பிறகே நோயாளியிடம் முடிவைச் சொல்ல வேண்டும். நம் கணக்கில் அந்த 1,089 பேருக்கு இரண்டாவது சோதனை செய்தால் உண்மையான நோயாளிகள் சுமார் 89 பேரும் நலமானவர்கள் சுமார் 10 பேரும் மட்டுமே பாசிட்டிவாக மிஞ்சுவார்கள். நம்பகம் 9-இலிருந்து 90 சதவீதத்துக்குத் தாவிவிடுகிறது. இரண்டு சோதனைகளும் ஒரே காரணத்தால் ஏமாறக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆனால் இந்த வழியில் மொத்தம் 11 நோயாளிகள் தப்பிப்போகிறார்கள். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய் என்றால் இரண்டாவது முடிவுக்குக் காத்திருக்க முடியாது; முதல் பாசிட்டிவிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டியதுதான்.