பனிச்சறுக்குப் பலகையின் அடிப்பரப்பை வீட்டிலேயே சரிசெய்தல்: ஆறு பருவ அனுபவம்

என்னிடமுள்ள இரண்டு ஜோடி பனிச்சறுக்குப் பலகைகளின் அடிப்பரப்பில் கல் கிழித்த பள்ளங்களை ஆறு பருவங்களாக நானே வீட்டில் அடைத்து வருகிறேன். சிறியதும் பெரியதுமாக முப்பதுக்கும் மேற்பட்டவற்றை நிரப்பியிருக்கிறேன். எவை இன்றும் அப்படியே நிற்கின்றன, எவை பெயர்ந்துபோயின என்று குறித்துவைத்த ஏட்டைப் பார்த்தே இதை எழுதுகிறேன். அடைப்பு நிலைத்து நிற்குமா என்பதை, நாம் உருக்கி ஊற்றும் பொருளைவிடப் பள்ளத்தின் அடியில் எது தெரிகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அடிப்பரப்பு என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் கொண்ட பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். பி-டெக்ஸ் என்ற வணிகப் பெயரே அதற்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்யும் சின்டர்டு வகை, நன்றாக வழுக்குவதற்காகப் பூசும் மெழுகை நன்றாக உள்வாங்கும். உருக்கிப் பிதுக்கிச் செய்யும் எக்ஸ்ட்ரூடட் வகை அவ்வளவு வாங்காது. சின்டர்டு பொருள் சூடேறினாலும் நீர்போல் ஓடாது என்பதால், நாம் பற்றவைத்துச் சொட்டவிடும் பி-டெக்ஸ் குச்சியில் இருப்பது எளிதில் உருகி ஓடக்கூடிய, சற்று மென்மையான பாலிஎத்திலீன்தான். ஆகவே அடைத்த இடம் ஒருபோதும் பழைய அடிப்பரப்புக்கு ஈடாகாது. அது மெழுகைக் குறைவாகவே ஏற்கும், சற்று விரைவாகவும் தேயும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பின்னர் ஏமாற்றம் இராது.

ஏட்டைப் புரட்டினால், பெயர்ந்துபோன அடைப்புகளில் பாதிக்கு மேல் முதல் பருவத்தில், நான் சுத்தம் செய்வதில் அவசரப்பட்ட நாட்களில் போட்டவை. மெழுகோ ஈரமோ இருக்கும் இடத்தில் பாலிஎத்திலீன் ஒட்டாது. இப்போது பலகையை ஒரு நாள் முழுவதும் அறை வெப்பத்தில் உலரவிட்டு, அடிப்பரப்புக்கான கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது முற்றிலும் ஆவியாகும்வரை காத்திருக்கிறேன். பிறகு பள்ளத்தின் ஓரங்களில் தொங்கும் இழைகளைக் கூரிய கத்தியால் அரிந்து, உட்புறம் சற்றே அகன்றிருக்கும்படி சுவரைச் சரித்துவிடுவேன்; ஊற்றியது இறுகியபின் மேலே பெயர்ந்து வராமல் அது பிடித்துக்கொள்ளும். நகத்தில் மட்டும் தட்டுப்படும் மேலோட்டமான கோடுகளை நான் தொடுவதே இல்லை. அவற்றில் எதுவும் நிற்காது, சறுக்கலையும் அவை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

குச்சியைப் பற்றவைத்ததும் நேராகப் பலகையின்மேல் கொண்டுபோகக் கூடாது. முதலில் சுடர் மஞ்சளாக எழும்பிப் புகைக்கரியைக் கக்கும். அந்தக் கரி கலந்த சொட்டுகள் கறுப்புப் புள்ளிகளாகப் படிந்து, அடைப்பை வலுவிழக்கச் செய்யும். ஸ்கிரேப்பர் எனப்படும், சீவப் பயன்படும் எஃகுத் தகடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குச்சியை மெல்ல உருட்டியபடி முதல் சொட்டுகளை அதில் விழவிட வேண்டும். குச்சியின் முனையைப் பரப்புக்கு மிக அருகே தாழ்த்தும்போது சுடர் சிறுத்து நீலமாகும். அப்போது விழும் சொட்டு தெளிவாக, எண்ணெய்போல் வழிந்து பள்ளத்தில் படியும். ஆழமான இடத்தில் ஒரே மூச்சில் நிரப்பாமல், ஒவ்வோர் அடுக்கும் ஆறியபின் அடுத்ததை விடுவேன். குளிரும்போது சுருங்குவதால் கடைசி அடுக்கு மேடாக நிற்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் கையுறையும், திறந்த சன்னலும், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் இன்றி இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது எஃகு விளிம்பை ஒட்டிய ஒரு பள்ளம். காலணிக்கு நேர் கீழே, விரல் நீளத்தில் இருந்த அதை மிகுந்த கவனத்துடன் நிரப்பினேன்; மூன்றாம் நாள் மாலை பார்த்தபோது அடைப்பு முழுத் துண்டாகக் கழன்று போயிருந்தது. பாலிஎத்திலீன் எஃகுடனும், அடியில் தெரியும் கண்ணாடியிழை அடுக்குடனும் ஒட்டாது என்பதை அன்று கண்ணால் கண்டேன். அதன்பின் மெட்டல் கிரிப் என்று விற்கப்படும் ஒட்டும் தன்மையுள்ள பட்டையை, பழுதுபார்க்கும் சூட்டுக்கோலால் அடியில் மெல்லியதாக உருக்கிப் பூசி, அதன்மேல் பாலிஎத்திலீனை நிரப்பினேன். மெட்டல் கிரிப் மென்மையானது, மெழுகையும் ஏற்காது. எனவே அதை மேற்பரப்புவரை கொண்டுவரக் கூடாது.

மர உள்ளகம் தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தாலோ விளிம்பு வளைந்திருந்தாலோ நான் பட்டறைக்கே கொடுத்துவிடுகிறேன். பழுதான பகுதியை வெட்டியெடுத்து, அதே அளவுத் துண்டை எபாக்சி பசையால் பதிக்கும் வேலையை ஒருமுறை முயன்றேன். அழுத்தம் சீராக இல்லாததால் ஓராண்டுக்குள் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் நீர் புகுந்தால் மரம் உப்பி அடுக்குகள் பிரிந்துவிடும் என்பதால், இதில் மறுமுறை துணியவில்லை.

நிரப்பிய மேட்டை முழுதாக ஆறியபிறகே சீவ வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஸ்கிரேப்பர் பட்டால் அடைப்பே இழுபட்டு வரும். முதலில் பல் அரம், பிறகு ஸ்கிரேப்பர், இறுதியில் கட்டையில் சுற்றிய உப்புத்தாள் என்று முன்முனையிலிருந்து வால் நோக்கி மட்டுமே தேய்க்கிறேன். நேர்கோலைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து விளக்கொளி கசிகிறதா என்று பார்த்தால் மேடுபள்ளம் உடனே தெரிந்துவிடும். அதன்பின் மூன்று முறை மெழுகேற்றுவேன்.

விளிம்போரத்து அந்தப் பள்ளம் நான்கு பருவங்களைக் கடந்துவிட்டது. இடையில் ஒரே ஒருமுறை மேலடுக்கைப் புதுப்பித்தேன். விரலால் தடவிப் பார்த்தால் எஃகிலிருந்து அடைப்புக்கும், அடைப்பிலிருந்து பழைய பரப்புக்கும் மாறும் இடம் இன்று தட்டுப்படுவதில்லை.