அக்கா மகளின் கைக்குப் போன ரோடு பைக்: 14 மாத அனுபவம்

ஆறு வருஷம் நான் ஓட்டிய ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலையில் குனிந்து வேகமாக ஓட்டும் சைக்கிளை, போன வருஷம் அக்கா மகளிடம் கொடுத்தேன். நான் ஐந்தடி எட்டு, அவள் ஐந்தடி ஐந்து. சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரை லேசாகச் சரிபண்ணினால் ஒரே நாளில் வேலை முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் வாரம் பெசன்ட் நகரில் நாலு ரவுண்டு அடித்துவிட்டு வந்தவள், "கழுத்தைப் புடிச்சு இழுக்குது மாமா" என்றாள். கழுத்து வலி என்றால் ஹேண்டில் தாழ்வாக, எட்டத்தில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் ஹேண்டில்பாரை முன்ஃபோர்க்கோடு இணைக்கும் 110 மி.மீ. நீள ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 80 மி.மீ. போட்டேன், அதையும் மேல்நோக்கித் திருப்பி. ஹேண்டில் உயரத்தை மாற்றப் போடும் வளையங்களான ஸ்பேசர் அத்தனையும் ஸ்டெம்முக்கு அடியில் போயிற்று. சீட்டை முன்னால் தள்ளினால் இன்னும் கிட்டே வருமே என்றார் ஒரு நண்பர். அதை மட்டும் கேட்கவில்லை. சீட்டை முன்பின் நகர்த்துவது முழங்காலைப் பார்த்து, கையைப் பார்த்து அல்ல.

வலி பாதிதான் குறைந்தது.

ஒரு ஞாயிறு விடிகாலை ஈசிஆரில் அவளுக்குப் பின்னாலேயே போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிரேக் லீவர் அவள் கைக்கு எட்டவில்லை. விரல் நுனி இரண்டுதான் லீவரைத் தொட்டது. எப்போது பிடிக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் முழங்கையை விறைப்பாக நீட்டி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டே ஓட்டுகிறாள். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

என் பைக்கில் கை வைக்கும் இடத்து ரப்பர் உறையை (ஹூட்) தள்ளினால் லீவரைக் கிட்டே கொண்டுவர ஒரு சின்ன ஸ்குரு இருக்கிறது. ஆறு வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. அதைத் திருகி லீவரை ஒரு விரல்கடை அளவு உள்ளே கொண்டுவந்தேன். லீவர் கிட்டே வந்தால் ஹேண்டில்பாருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். பிரேக் ஒயர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பிரேக் பிடிப்பதற்குள் லீவர் பாரில் போய் முட்டும். வாசலில் வைத்து அமுக்கிப் பார்த்ததால் தப்பித்தோம். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இருக்கும்படி ஒயரை இழுத்துக் கட்டினேன்.

இன்னொன்று. இந்த பைக்கில் முன் பிரேக் இடது கையில் இருந்தது. அவளோ காலேஜ் நாளிலிருந்து ஸ்கூட்டி ஓட்டுபவள், அதில் முன் பிரேக் வலது கை. பதற்றத்தில் கை பழகியதைத்தான் செய்யும். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன், அப்படியே புது ஒயரும் போட்டேன்.

அடுத்த மாதமே தலைகீழ். "ஹேண்டில் ரொம்ப மேல இருக்கு மாமா, முட்டுக்காடு பாலத்துல காத்து நெஞ்சுல அடிக்குது" என்றாள். பிரேக் எட்டியதும் முழங்கை மடங்கிவிட்டது, குனிய பயமில்லை. இரண்டு ஸ்பேசரை ஸ்டெம்முக்கு மேலே மாற்றினேன். இதற்கு முன் ஒரு கடையில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்தாமல் மேல்மூடி போல்ட்டை முக்கி முறுக்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த போல்ட் பேரிங்கில் உள்ள ஆட்டத்தை எடுக்கத்தான். ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு போல்ட். அதைத் தளர்த்தி, மேல்மூடியில் ஆட்டத்தை எடுத்து, சக்கரத்துக்கு நேராக வைத்து, கடைசியில் பக்கவாட்டை முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்கலாம் என்பதற்கு என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. அந்த அளவு பார்த்து முறுக்க டார்க் ரென்ச் ஒன்று வாங்கிவிட்டேன், வருத்தமில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கடல். உப்புக்காற்றில் போல்ட் தலையெல்லாம் பழுப்பேறுகிறது. ஐப்பசி மழை முடிந்ததும் பின் பிரேக் ஒயர் உறைக்குள் இறுகி, லீவர் சோம்பேறியாகத் திரும்பியது. கட்டை தேயத் தேய லீவர் பிடிக்கும் இடமும் உள்ளே போகிறது. என் கைக்கு அது உறைத்ததே இல்லை, அவள் கைக்கு உடனே தெரிகிறது. மாதம் ஒருமுறை பேரல் அட்ஜஸ்டரை (ஒயரை இறுக்கும் சின்னத் திருகு) அரைச்சுற்று திருகி ஒயரை இறுக்கிவிடுகிறாள்.

மிச்சம் ஒரே குறைதான்: 42 செ.மீ. ஹேண்டில்பார் அவள் தோளுக்கு அகலம். டேப் கிழியும்போது சேர்த்து மாற்றலாம் என்றிருந்தேன். போன வாரம் டேப் ஓரம் பிய்ந்திருப்பதைக் காட்டினாள். அவளே பிய்த்திருப்பாளோ என்று எனக்கொரு சந்தேகம்.