மாங்குளத்தில் எந்தப் புகையிரதம்?

புகையிரதங்களை ஓட்டிப் போக்குவரத்து நடத்தும் கணினி ஆட்டங்களில் எதை ஆடலாம்? கிளிநொச்சியில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு நான் சொல்வது ஓப்பன்டிடிடிதான். 1995இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸின் வழித்தோன்றல்; 2004 முதல் இலவசம். மூல ஆட்டத்தில் பக்கத்துக்கு 256 கட்டங்களாக இருந்த வரைபடம் இதில் 4096 வரை விரிகிறது. என் ஒற்றைத் தண்டவாளத்தில், மாங்குளம் என்று நான் பெயரிட்ட நிலையத்தருகே இரண்டு புகையிரதங்கள் எதிரெதிரே முட்டுக்கட்டையாக நின்றுவிட்டன. பக்கத்தில் ஒரு விலகுபாதை போட்டுச் சமிக்ஞைகளை நட்டேன். ஒன்று ஒதுங்க, மற்றது கடந்தது. அந்த நிறைவுக்கு ஈடில்லை!

இதே வகையில் 2019இல் வந்த டிரான்ஸ்போர்ட் ஃபீவர் 2 அழகில் வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஒவ்வொரு பயணிக்கும் வீடும் வேலையிடமும் உண்டு. ஆனால் காசு வேண்டும், நல்ல கிராபிக்ஸ் அட்டை வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து ஆடவும் அதில் வழியில்லை. எங்களுக்கோ நாலு பேர் கூடினால்தான் ஆட்டம் களைகட்டும்.