பழைய பேருந்தின் டிக்கிக் கதவுகளுக்குக் கேஸ் ஸ்டிரட்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தாராபுரத்தில் எங்கள் களத்துமேட்டுக் கொட்டகையில் நிற்கும் அசோக் லேலண்டு சுற்றுலாப் பேருந்து 1986-இல் பதிவானது. கரூரில் பாடி கட்டியது. அப்பா காலத்தில் பழனிக்கும் ஊட்டிக்கும் ஓயாமல் ஓடிய வண்டி, இப்போது குடும்ப விசேஷங்களுக்கும் கோயில் பயணங்களுக்கும் மட்டும் கிளம்புகிறது. இதன் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு டிக்கிக் கதவுகள் இருக்கின்றன. மேல் விளிம்பில் நீளமான பியானோ கீல் வைத்து, தூக்கினால் வெளிப்புறமாக மேலெழும்பும்படி செய்யப்பட்ட அந்தக் கதவுகளை, ஒரு முட்டுக் கம்பியை நிறுத்தித்தான் பல ஆண்டுகளாகத் தாங்க வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்பது பல்லடம், உடுமலை, தாராபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018-இல் காங்கேயத்துக்கு அருகே சாமான் இறக்கும்போது, விரிந்து நின்ற கதவின் அடியில் புகுந்த காற்று அதைச் சற்றே தூக்க, முட்டுக் கம்பி நழுவி விழுந்து, பதினாறு கிலோக் கதவு எங்கள் கிளீனர் தம்பியின் புறங்கையில் இறங்கியது. எலும்பு முறியவில்லை என்றாலும், அவர் ஒரு மாதம் அந்தக் கையால் பாரம் தூக்க முடியவில்லை. அன்றே முட்டுக் கம்பியை மட்டும் நம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

மெக்கானிக்குகள் 'டிக்கி ஷாக்' என்று சொல்லும் கேஸ் ஸ்டிரட், நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்து, சிறிதளவு எண்ணெயும் சேர்த்து மூடிய ஒரு சிலிண்டர்தான். அந்த வாயு வெளியே தள்ளும் ஒரு தண்டுதான் கதவைத் தூக்கிப் பிடிக்கிறது. அதன் விசை நியூட்டன் கணக்கில் சிலிண்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பத்து நியூட்டன் என்பதை ஏறத்தாழ ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பேருந்தின் கதவாயிற்றே என்று எண்ணி, 2019-இல் நான் எதையும் அளக்காமல் 400 நியூட்டன் ஸ்டிரட்டுகளைக் கதவுக்கு இரண்டாக வாங்கி, ஸ்டிரட்டின் முனைகளைப் பிடிக்கும் தாங்கிகளை நேரே கதவின் உள்தகட்டில் வெல்டிங் வைத்துப் பொருத்திவிட்டேன். கதவு கொண்டியை விட்டதும் துள்ளி எழுந்தது. மூடுவதற்கு உடல் எடையைக் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. நான்கு மாதத்தில் முன்கதவின் தகடு தாங்கியைச் சுற்றிக் குமிழ் போலப் புடைத்தது. கீலைக் கழற்றிப் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய ரிவெட்டுத் துளைகள் நெல்மணி வடிவில் மேல்நோக்கி நீண்டிருந்தன.

அதைப் பார்த்த கரூர் டிங்கர், "ஏனுங்கண்ணா, நீங்க கதவு திறக்கறதையே பாக்கறீங்க. மூடியிருக்கறப்பவும் அது தள்ளிட்டேதானுங்களே இருக்குது" என்றார். இதைத்தான் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். முட்டுக் கம்பிக்குக் கதவு மூடியதும் ஓய்வு கிடைத்துவிடும். ஸ்டிரட்டோ மூடிய நிலையில்தான் முழுதாக அழுந்தியிருக்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு 400 நியூட்டன் என்றால், வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும் இரவிலும் எண்பது கிலோ விசை, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட கீலையும் தகட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது முறை அளந்து செய்தோம். கதவின் உயரம் 60 செ.மீ.; எடை நடுவில் விழுகிறது என்று கொண்டால் கீலிலிருந்து 30 செ.மீ. கதவு கிடைமட்டமாக நிற்கும்போது, ஸ்டிரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம் எங்கள் அமைப்பில் 20 செ.மீ. பதினாறை முப்பதால் பெருக்கி இருபதால் வகுத்தால் 24 கிலோ. இரண்டு ஸ்டிரட்டுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 12 கிலோ, அதாவது 120 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. குளிருக்கும் தேய்மானத்துக்கும் இடம் விட்டு 150 நியூட்டன் எடுத்தோம். விரிந்த நீளம் 55 செ.மீ., தண்டின் ஓட்டம், அதாவது அது உள்ளே போய் வெளியே வரும் தூரம், 20 செ.மீ.

கீலை முழுதாகப் புதிதாக்கி, தாங்கிகளைத் தகட்டில் வைக்காமல் உள்ளே இருக்கும் ஆங்கிள் சட்டத்தில், பின்னால் ஒரு பட்டைத் தகடு கொடுத்துப் போல்ட்டு நட்டால் முடுக்கினோம். வெளித்தகட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய வண்டியின் முகம் மாறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கதவுப் பக்கத் தாங்கியைத் தகட்டிலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளியும், பாடியின் கீழ்த் தாங்கியை 3 செ.மீ. உள்ளேயும் வைத்ததால், மூடிய நிலையில் ஸ்டிரட்டே கதவை உள்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. குண்டுங்குழியுமான சாலையில் முன்பு கேட்ட கடகடப்பு இப்போது இல்லை.

தண்டு கீழேயும் சிலிண்டர் மேலேயும் இருக்கும்படி மாட்டுவது முக்கியம். அப்போதுதான் உள்ளிருக்கும் எண்ணெய், தண்டு வெளிவரும் வாயை அடைக்கும் சீலின் மேல் தங்கி அதைக் காயவிடாமல் காக்கும். கதவு மேலே போய் நிற்கும் கடைசி அங்குலத்தில் வேகத்தையும் அதுவே தணிக்கிறது.

வெயிலும் குளிரும் இதில் நன்றாகவே தெரிகின்றன. 150 நியூட்டன் என்பது 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை வெயில் 40 டிகிரியில் அது 160 ஆகிறது, ஊட்டியின் 5 டிகிரி விடியற்காலையில் 142-க்கு இறங்குகிறது. ஊட்டியில் கதவு பாதி வழியில் சற்றுத் தயங்கும். கையால் லேசாக ஏந்தினால் போதும். எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை தூசி. முதலில் தண்டில் கிரீஸ் தடவினோம். அது புழுதியைப் பிடித்து வைத்துச் சீலைத்தான் அரித்தது. இப்போது மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

2021-இல் பக்கத்தில் வேறு வேலைக்கு வெல்டிங் செய்தபோது, மூடாமல் விட்ட ஒரு தண்டில் கடுகளவு பொறி ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டிவிட்டு மறந்துவிட்டேன். மூன்று மாதத்தில் அந்த இடத்து வடு சீலைக் கிழித்து எண்ணெய் கசிந்து, ஸ்டிரட் செத்துவிட்டது. ஒன்று பழுதானாலும் அந்தக் கதவின் இரண்டையுமே மாற்றினோம், ஏனென்றால் ஒருபுறம் மட்டும் வலுவாக இருந்தால் கதவு முறுக்கிக்கொள்கிறது. கழற்றும்போது கதவை முழுதாகத் திறந்து, ஆள் வைத்துத் தாங்கிக்கொண்டுதான் கழற்ற வேண்டும். பழுதான ஸ்டிரட்டை அறுக்கவோ துளையிடவோ தீயில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும்.

மற்ற ஆறும் 2020-இல் மாட்டியவையே. பின்பக்க வலது கதவு மட்டும் இந்த ஆடிக் காற்றில் இரண்டு விரல் அளவு தணிந்து நின்றது. தைக்குள் அந்த இணையை மாற்றிவிடுவேன். பழைய முட்டுக் கம்பிகளை நான் எறியவில்லை. ஒவ்வொரு டிக்கிக்குள்ளும் ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். யாராவது தலையை உள்ளே விட்டு வேலை செய்யும் போதெல்லாம் கிளீனர் தம்பி அதை எடுத்து நிறுத்திவிட்டுத்தான் மற்றவரைக் குனிய விடுகிறார்.