ஆற்றோரப் பாதையில் நான்கு வருடம், ஒரே சைக்கிள்

மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவதற்கான இந்த டூரிங் சைக்கிளை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 11,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருக்கிறது. அதில் முக்கால்வாசி, மோட்டார் வண்டி எதுவும் நுழையாத ஆற்றோரப் பாதைகளில்தான்: தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில் தடங்கள், கால்வாய்க் கரைகள், வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண்கரைகள். வாங்கும்போது, "சமதளத்துக்கு எந்த சைக்கிளும் போதுமே" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

உண்மையில் உடம்பைப் படுத்துவது சமதளம்தான். மலைப்பாதையில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் காலுக்கு ஓய்வு. ஆற்றோரத்தில் இரண்டும் கிடையாது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் எளிதில் வழுக்கும் என்பதால், ரயில் தடங்களைப் பெரும்பாலும் இரண்டு சதவீதச் சரிவுக்குள்ளேயே போட்டார்கள். அமெரிக்காவின் கிரேட் அலெகெனி பாதை சுமார் 240 கி.மீ. நீளம், ஒரு மலைத்தொடரையே தாண்டுகிறது. அதில் செங்குத்தான பக்கம்கூட ஏறத்தாழ 1.75 சதவீதம்தான். கேட்க சுகமாக இருக்கும். ஆனால் ஐந்து மணி நேரம் ஒரே வேகம், ஒரே மிதி, ஒரே உட்கார்வு.

என் இரண்டாவது பயணத்தில், மூன்றாம் நாள் காலை, சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்தன. அந்த இரு விரல்களுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் அடிமேட்டு வழியாகப் போகிறது. நேர் ஹேண்டில்பாரில் நாள் முழுக்க அந்த மேட்டைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அது குணமாக மூன்று வாரம் ஆனது.

வந்ததும் ஹேண்டில்பாரை மாற்றினேன். பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி வளைந்திருக்குமே, அது. கையை வைக்க நான்கு இடம் கிடைக்கிறது. கூடவே ஹேண்டிலை மூன்று விரல் உயர்த்தினேன். கிலோமீட்டர் கல் வரும்போதெல்லாம் எழுந்து நின்று இருபது மிதி. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும். அதற்கப்புறம் விரல் மரத்தது ஒரே ஒரு முறைதான். கியர், பிரேக், ஃபிரேம் என்று நான் ராத்திரியெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்ததில் எதுவும் இந்த அளவுக்கு வித்தியாசம் தரவில்லை.

சின்ன கியர் வேண்டாமா என்றால், வேண்டும். பாதை சமதளம், ஊர் அப்படியில்லை. வெள்ளத்துக்குப் பயந்து பழைய ஊர்களை மேட்டில்தான் கட்டினார்கள். சாப்பாடு, படுக்கை, கடை எல்லாம் மேலே. நாளெல்லாம் ஆற்றோடு உருண்டுவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரில் மூட்டையோடு மூச்சுவாங்க ஏற வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டருக்காகவே மிகச் சின்ன கியரை வைத்திருக்கிறேன்.

காற்றையும் கவனிக்காமல் ஏமாந்தேன். ஆறு போகும் திசையில் போனால் சுலபம் என்ற கணக்கில் மத்தியானம் கிளம்பினால், முகத்தில் அறையும். வெயிலில் மலைச்சரிவுகள் சூடாகும்போது பகலில் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி வீசும், இரவில் திரும்பிக் கீழே இறங்கும். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இப்போதெல்லாம் ஆற்றோடு இறங்குவதென்றால் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். பனிமூட்டம் இருக்கும், விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிளோடு வந்தது 32 மி.மீ. டயர். அதைக் கழற்றிவிட்டு 40 மி.மீ. போட்டேன், காற்று 45 பிஎஸ்ஐ. மரவேர்கள் தாரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் இடங்களில் இடுப்புக்குத் தெரியும் வித்தியாசம். அகல டயருக்கு ஒரு வில்லங்கம் உண்டு. நனைந்த களிமண்ணும் இலையும் மட்கார்டுக்குள் அப்பி, சக்கரமே நின்றுவிடும். ஒரு மாலை முழுக்க, நூறடிக்கு ஒரு தடவை இறங்கி, கூடார ஆணியால் சுரண்டிக்கொண்டே போனேன். மட்கார்டை ஒரு விரல் உயரம் தூக்கி மாட்டியபின் அந்தத் தொல்லை குறைந்தது. பஞ்சர் மொத்தம் ஒன்பது. அவற்றில் ஆறு பஞ்சர், வேலி முள்ளை வெட்டிப் பாதையிலேயே விட்டிருந்த வாரங்களில் வந்தவை.

செயினைத் தின்பது கல்தூள். வெயிலில் பறந்து ஒட்டும், மழையில் பசையாகும், எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை, அங்குல ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 24 பின் தள்ளி சரியாக 12 அங்குலம் வரும். அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றிவிடுவேன். தள்ளிப்போட்டால் பின்பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். எனக்கு 2,500 முதல் 3,000 கி.மீ. வரை ஒரு செயின் வருகிறது, இப்போது ஓடுவது நான்காவது.

பெரிய குறை ஒன்று: பின்சக்கரம். மெஷினில் கட்டிய சக்கரம், மூட்டையோடு 4,000 கி.மீ. தாண்டியதும் பல்சக்கரப் பக்கத்தில் ஒரு ஸ்போக் கம்பி அறுந்தது, அடுத்த மாதம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் பெண்டு எடுத்துப் பார்த்து அலுத்துப்போய், 36 கம்பி வைத்துக் கையால் கட்டிய சக்கரமாக மாற்றினேன். அன்றிலிருந்து ஒன்றும் அறுகவில்லை.

வண்டி வராத பாதை என்றால் தடையே இல்லை என்று நினைத்திருந்தேன். சாலை குறுக்கிடும் இடமெல்லாம் வளைந்து நுழையும் கம்பித் தடுப்பு. பக்கப் பைகள் மாட்டிக்கொள்ளும், கழற்றி, தூக்கி, மறுபடி மாட்ட வேண்டும். அகலமான பைகளை விற்றுவிட்டு ஒடுங்கியவை வாங்கினேன். அப்புறம் பெல். காதில் இயர்போன், கையில் நாய்க்கயிறு என்று நடப்பவர்களுக்கு நடுவே மணிக்கு 15 கி.மீ. போதும். ஒரே 'டிங்', தூரத்திலிருந்தே.

போன மாதம் வெள்ளம் வடியுமுன் அவசரப்பட்டு, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனேன். ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) குளிர்ந்த நீரில் மூழ்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். இது முன்னமே தெரியும், தெரிந்தும் போனேன். இப்போது முன்சக்கர ஹப்பில் இருக்கும் டைனமோ மெல்லக் கரகரக்கிறது. பேரிங் மாற்றக் கொடுத்திருக்கிறேன்.