நிரல்களைப் பார்க்கப் பழக்கும் பாடம்: எம்ஐடி 18.06 மதிப்புரை

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடத்திலேயே நம் மாணவர்கள் காஸியன் நீக்கல் முறை, அணித்தரம், கிராமர் விதி, நேர்மாறு அணி எல்லாம் போட்டுப் பழகிவிடுகிறார்கள். கணக்கும் சரியாக வந்துவிடும். ஆனால் ஒரு சமன்பாட்டுத் தொகுப்புக்கு ஏன் தீர்வு இல்லை என்று கேட்டால், ‘தரம் சமமாக இல்லை’ என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் வரும்போது பாடம் நேராக வெக்டர் வெளியின் வரையறையில் தொடங்குகிறது. பள்ளியில் செய்த நீக்கலுக்கும் அந்த வரையறைக்கும் நடுவில் பாலமே போடப்படுவதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணிதப் பாடமான 18.06 அந்தப் பாலத்தைப் போடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் இளநிலைக் கணிதப் பாடங்களில் பி.எஸ்சி. மாணவருக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுதான்.

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இந்தப் பாடம் 18.06 என்றும் 18.06எஸ்சி என்றும் இரண்டு வடிவில் இருக்கிறது. இரண்டிலும் விரிவுரைக் காணொளிகள் ஒன்றே. 1999-இல் வகுப்பறையில் பதிவானவை. தனியாகப் படிப்பவர் 2011-இல் வெளியான எஸ்சி வடிவத்தையே எடுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு விரிவுரைக்கும் எழுத்து வடிவச் சுருக்கம், உதவி ஆசிரியர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும் தனிக் காணொளி, பயிற்சிக் கணக்குகள், அவற்றின் முழு விடை ஆகியவை சேர்ந்தே வருகின்றன. பயிற்சிகள் ஸ்ட்ராங்கின் பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டாலும் கேள்வி முழுதாக அச்சிடப்பட்டிருப்பதால் நூல் கையில் இல்லாமலும் ஓட்டலாம். பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை, சான்றிதழும் கிடைக்காது. கிரெடிட் வேண்டும் என்பவர் இந்திய இணையப் பாடத் தளமான என்பிடெல் பக்கம் போவதே சரி.

முதல் விரிவுரையிலேயே பாடத்தின் போக்கு தெரிந்துவிடும். இரண்டு சமன்பாடுகள்: அணியின் நிரைகள் (2, −1), (−1, 2). வலப்பக்கம் (0, 3). இதை இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமாக வரைந்து காட்டுவது எல்லோரும் செய்வது. ஸ்ட்ராங் அடுத்து நிரல்களுக்குப் போகிறார்: (2, −1) என்ற நிரலை எத்தனை மடங்கும் (−1, 2) என்ற நிரலை எத்தனை மடங்கும் எடுத்துக் கூட்டினால் (0, 3) வரும்? ஒரு மடங்கும் இரண்டு மடங்கும். அணியை வெக்டரால் பெருக்குவது என்றால் நிரல்களைக் கலந்து கூட்டுவது. இந்த ஒரு பார்வை பிடிபட்டுவிட்டால், தீர்வு இருக்கிறதா என்ற கேள்வி ‘வலப்பக்க வெக்டரை நிரல்களின் கலவையாக எழுத முடியுமா’ என்று மாறிவிடும். அணித்தரம் பற்றிப் பள்ளியில் மனப்பாடம் செய்த விதி இங்கே தானாகவே விளங்குகிறது.

பாடத்தின் நெஞ்சு 6 முதல் 10 வரையான விரிவுரைகள். அவசரப்படவே கூடாத இடமும் அதுதான். 7, 8-இல் வரும் அணியைக் காகிதத்தில் போட்டே ஆக வேண்டும்: நிரைகள் (1, 2, 2, 2), (2, 4, 6, 8), (3, 6, 8, 10). நீக்கினால் பிவட் (ஒரு நிரையில் முதலில் வரும் பூஜ்ஜியமல்லாத எண்) 1, 3 ஆம் நிரல்களில் விழும். 2, 4 ஆம் மாறிகள் கட்டற்றவை. வலப்பக்கத்தைப் பூஜ்ஜியமாக்கி, கட்டற்ற மாறி ஒன்றுக்கு 1, மற்றதற்கு 0 என்று வைத்தால் (−2, 1, 0, 0), (2, 0, −2, 1) என்று இரண்டு சிறப்புத் தீர்வுகள் கிடைக்கும். அப்படி வரும் தீர்வுகள் எல்லாம் சேர்ந்த பூஜ்ஜிய வெளி முழுவதும் இவற்றின் கலவைதான். மூன்றாம் நிரை முதல் இரண்டின் கூடுதல் என்பதால், வலப்பக்கத்திலும் மூன்றாம் எண் முதல் இரண்டின் கூடுதலாக இருந்தால் மட்டுமே தீர்வு உண்டு. (1, 5, 6) கொடுத்தால் (−2, 0, 3/2, 0) ஒரு தீர்வு. (1, 5, 7) கொடுத்தால் ஒன்றும் இல்லை.

மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நீக்கி முடித்த அணியின் பிவட் நிரல்களையே நிரல் வெளிக்கு (நிரல்களின் எல்லாக் கலவைகளும் சேர்ந்தது) அடிமானமாக, அதாவது அந்த வெளியை உருவாக்கத் தேவையான வெக்டர்களாக, எழுதிவிடுகிறார்கள். மேலே உள்ள அணியில் நீக்கியபின் மூன்றாம் நிரை முழுக்கப் பூஜ்ஜியம். எனவே அதன் எந்த நிரலிலும் மூன்றாம் உறுப்பு 0. மூல அணியின் முதல் நிரலோ (1, 2, 3). அது எப்படி அந்த வெளியில் அடங்கும்? நிரைச் செயல்கள் நிரை வெளியை மாற்றுவதில்லை, நிரல் வெளியை மாற்றிவிடும். எந்த நிரல்களை எடுப்பது என்பதை நீக்கிய அணியிடம் கேட்டு, நிரல்களை மூல அணியிலிருந்து எடுக்க வேண்டும். 10 ஆம் விரிவுரை இதை அழுத்திச் சொல்கிறது.

இரண்டாம் அலகில் 15, 16 ஆம் விரிவுரைகள் வீழல் பற்றியவை, அதாவது ஒரு வெக்டருக்கு மிக அருகில் உள்ள வெக்டரை ஒரு வெளிக்குள் காண்பது. (1, 1), (2, 2), (3, 2) என்ற மூன்று புள்ளிகளுக்கு மிக அருகில் போகும் நேர்க்கோட்டைத் தேடும் கணக்கு. வெட்டுத்துண்டு 2/3, சாய்வு 1/2, பிழைகள் −1/6, 2/6, −1/6. புள்ளியியலில் சூத்திரமாகப் படித்த மீச்சிறு வர்க்க முறை இங்கே வெறும் செங்குத்தாகிவிடுகிறது: பிழை வெக்டர் நிரல் வெளிக்குச் செங்குத்து, அவ்வளவுதான். வீழல் அணியின் சூத்திரத்தில் உள்ள நேர்மாறைப் பிரித்து எழுதினால் எல்லாம் அடித்துக்கொண்டு அலகு அணி வந்துவிடும். அணி சதுரமாக இல்லாதபோது அந்தப் பிரிப்பு செல்லாது என்று ஸ்ட்ராங்கே நிறுத்திச் சொல்கிறார். தேர்வுத்தாள்களில் இந்தப் பிழை ஓயாமல் வருகிறது.

அணிக்கோவைக்கு மூன்று விரிவுரைகள். கிராமர் விதியை நம்மூரில் இதைவிட அதிகமாகவே போட்டிருப்போம், வேகமாகக் கடக்கலாம். 21, 22 ஆம் விரிவுரைகளில் ஐகன் மதிப்புகளை (அணியால் பெருக்கினாலும் அதே கோட்டில் நிற்கும் வெக்டர் ஐகன் வெக்டர், அது நீளும் மடங்கு ஐகன் மதிப்பு) வைத்து ஃபிபொனாச்சி எண்கள் எந்த வேகத்தில் வளர்கின்றன என்று காட்டும் பகுதி அழகு. இயற்பியல் மாணவர்கள் 23, 26-ஐ விடக் கூடாது. தரவு அறிவியலுக்குப் போகிறவர்கள் 25, 27, 29-ஐ.

எஸ்விடி (ஒற்றை மதிப்புப் பிரிப்பு, அதாவது ஓர் அணியை மூன்று எளிய அணிகளின் பெருக்கலாக எழுதுவது) பற்றிய 29 ஆம் விரிவுரையில் ஒரு சிக்கல் இருக்கிறது, முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நிரைகள் (4, 4), (−3, 3) உள்ள அணியைப் பிரிக்கும்போது இரண்டு பக்க ஐகன் வெக்டர்களையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துப் பெருக்குகிறார், குறி ஒத்துவரவில்லை. ஐகன் வெக்டரை −1-ஆல் பெருக்கினாலும் அது ஐகன் வெக்டரே. இரு பக்கமும் தனித்தனியே குறி தேர்ந்தால் பொருந்தாமல் போகலாம். வலப்பக்க வெக்டரை முதலில் எடுத்து, அதை அணியால் பெருக்கி, ஒற்றை மதிப்பால் வகுத்து இடப்பக்க வெக்டரைப் பெற வேண்டும். இங்கே (1, −1)/√2 எடுத்தால் இணை (0, −1) ஆகும். (0, 1) பொருந்தாது. 9 ஆம் விரிவுரையிலும் அடிமானத்துக்குத் தந்த எடுத்துக்காட்டில் இரண்டு நிரைகள் ஒன்றாகிவிட, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் திருத்துகிறார். இவற்றை வெட்டி எறியாமல் விட்டது நல்லதுதான். பலகையில் பிழை எப்படிப் பிடிபடுகிறது என்பதும் பாடம்.

குறைகளும் உண்டு. காணொளியின் படத் தெளிவு இன்றைய அளவுக்கு இல்லை. பேச்சு ஆங்கிலம் மட்டும். அதைவிடப் பெரிய குறை, நிறுவல்கள் குறைவு. நேரியல் உருமாற்றம் 30 ஆம் விரிவுரையில்தான் வருகிறது. இருமை வெளி, ஈவு வெளி, மீச்சிறு பல்லுறுப்புக்கோவை கிடையாது. கேலி–ஹாமில்டன் தேற்றத்துக்குத் தனி விரிவுரை இல்லை. ஜோர்டான் வடிவம் தொட்டுக்காட்டுவதோடு சரி. ஐஐடி ஜாம், நெட் தேர்வுகளுக்கு இதை மட்டும் நம்பிப் போனால் போதாது. எம்ஐடியே நிறுவல் வேண்டுவோருக்கு 18.700 என்று தனிப் பாடம் வைத்திருக்கிறது.

வாரத்துக்கு மூன்று விரிவுரை என்ற எம்ஐடியின் வேகத்தையே பிடிக்கலாம். கல்லூரி வேலை இருந்தால் இரண்டு போதும். உதவி ஆசிரியரின் காணொளியில் கேள்வி எழுதி முடித்ததும் நிறுத்திவிட்டு, கணக்கைத் தானே போட்ட பிறகே மேலே ஓட்ட வேண்டும். பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தாளில் கை ஓடாது. அலகு முடிவில் உள்ள தேர்வை நூலைப் பார்க்காமல் 50 நிமிடத்தில் எழுதிப் பார்க்கவும். இறுதித் தேர்வுக்கு மூன்று மணி நேரம்.

பாடம் மேட்லாப் என்ற கணக்கு மென்பொருளை வைத்து நடந்தது. அதற்குப் பதில் ஆக்டேவ் அல்லது பைத்தான் மொழியின் நம்பை நூலகம் போதும். நம்பையில் எஸ்விடி கட்டளை மூன்றாவதாகத் தருவது வலப்பக்க வெக்டர்களின் அணியான வி-யின் நிரை நிரல் மாற்று அணி. மறுபடி மாற்றிப் பெருக்கினால் விடை கெடும். ஒற்றை மதிப்புகள் வெறும் வரிசையாக வரும், மூலைவிட்ட அணியாக நாமே ஆக்க வேண்டும். ஐகன் மதிப்புகள் பெரியது சிறியது என்ற ஒழுங்கில் வரும் என்று நம்பக் கூடாது. கையால் போட்ட வெக்டருக்கு எதிர்க்குறியில் விடை வந்தால் அது பிழை ஆகாது.

முடித்தபின் எஸ்விடியிலும் தரவுப் பகுப்பாய்விலும் ஆர்வம் தொடர்ந்தால், ஸ்ட்ராங்கே 2018-இல் நடத்திய 18.065 அதே தளத்தில் இருக்கிறது. 18.06-இன் நான்கு வெளிகளும் (நிரல் வெளி, நிரை வெளி, அணியின் பூஜ்ஜிய வெளி, அதன் நிரை நிரல் மாற்று அணியின் பூஜ்ஜிய வெளி) கைவசம் இல்லாமல் அதைத் தொடங்கினால் இரண்டாம் வாரத்திலேயே திணற வேண்டிவரும்.